கஞ்சாவுக்கு வரி போட்டால் கஜானா நிரம்புமா?

#1 கணக்குப்பிள்ளை, திருச்சி

முப்பத்திரண்டு வருஷம் வணிகவரியில் குப்பை கொட்டியவன். ரிட்டயர் ஆகியும் புத்தி வரியைச் சுற்றியே ஓடுகிறது. அதனால் இந்த இழை.

போன வாரம் பேரனைக் கல்லூரியில் விடப் போனேன். எதிர் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் தெரிந்துகொண்டது இது: டாஸ்மாக் பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்துக்கு மூடும். கஞ்சாப் பொட்டலத்துக்குத் திறப்பும் இல்லை, மூடலும் இல்லை. போன் போட்டால் பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வருகிறது. குட்காவுக்கும் 2013-இலிருந்து தடைதான். பெட்டிக்கடைக்காரர் அதை மிட்டாய் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார், அவ்வளவுதான் தடை.

விற்பனை எப்படியும் நடக்கிறது. அதில் அரசுக்கு ஒரு பைசா இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2012-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2014 ஜனவரி 1 முதல் கஞ்சாவைக் கடையில் வைத்து விற்க விடுகிறது. 2021-இல் மட்டும் வரியும் கட்டணமுமாக 42 கோடி டாலர் வந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு பள்ளிக்கூடம் கட்டச் செலவாகிறது. நாமும் 21 வயது, லைசென்ஸ் கடை, ஸ்டாம்ப் ஒட்டிய பாக்கெட் என்று வைத்தால் கஜானா நிரம்பாதா?

நான் பீடிகூடக் குடித்ததில்லை. திட்டுகிறவர்கள் காரணத்தோடு திட்டவும்.

#2 நடுவர்

இழை திறந்தே இருக்கும். எங்கே கிடைக்கும், என்ன விலை, எப்படி வளர்ப்பது என்று கேட்பவர்களும் சொல்பவர்களும் வெளியே. ஏற்கெனவே இருவர் வெளியே.

#3 பனங்காட்டு நரி, தூத்துக்குடி

முதலில் கள்ளைத் திறங்கள். 1987-இலிருந்து பனை மரம் ஏறுகிறவன் குற்றவாளி. கள்ளுக்கே வழியில்லாத ஊரில் கஞ்சாக் கடையாம்.

#4 வழக்கு வண்டு, மதுரை

கணக்குப்பிள்ளை ஐயா, வரிக்கு முன்னால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. கஞ்சா வழக்குகளை தினமும் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1985 நவம்பர் 14-இல் அமலுக்கு வந்த என்.டி.பி.எஸ். என்ற போதைப்பொருள் சட்டத்தின்படி கஞ்சா என்றால் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. இலையும் விதையும் நுனியோடு சேர்ந்து வராவிட்டால் அவை கஞ்சா இல்லை. அதனால்தான் இலையை அரைத்துச் செய்யும் பாங்கை ராஜஸ்தான் ஜெய்சல்மேரில் அரசு அனுமதி பெற்ற கடை என்று போர்டு மாட்டி விற்கிறார்கள். ஒரே செடிதான். நுனியைப் பறித்தால் ஜெயில், கீழ் இலையை அரைத்தால் லஸ்ஸி.

அடுத்தது அளவு. ஒரு கிலோ வரை சிறு அளவு. ஒரு வருஷம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேலே போனால் வணிக அளவு. குறைந்தது பத்து வருஷம், அதிகபட்சம் இருபது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பத்து வருஷம் வரை. வணிக அளவு என்றால் 37-ஆம் பிரிவு வந்து நிற்கும். இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று நீதிபதிக்கே தோன்றினால்தான் பெயில். விசாரணை தொடங்கும் முன்பே அப்படித் தோன்ற வேண்டும்! குற்றப்பத்திரிகை போட போலீஸுக்கு 180 நாள்.

இப்போது என் கட்சிக்காரர் ஒருவர். மினி லாரி டிரைவர், வெங்காய லோடு. லோடுக்கு நடுவே ஒரு சாக்கு. தராசில் சாக்கோடு தூக்கி வைத்தார்கள், 21 கிலோ 400. மகஜரில், அதாவது பறிமுதல் பதிவில், அதுதான் ஏறியது. கோர்ட்டில் சாக்கைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். சுண்டுவிரல் தடிமனில் தண்டு, காம்பு, பொடிந்துபோன இலை, அடியில் ஒரு கைப்பிடி மண். சட்டம் சொல்லும் நுனியை மட்டும் பொறுக்கி எடுத்தால் இருபதைத் தாண்டுமா? தாண்டாது என்பது என் வாதம். சாக்கின் கனமே ஒரு கிலோ இருக்கும். இருபதுக்கு மேலே ஏறிய அந்த ஒன்றரைக் கிலோவுக்காக அவர் பதினான்கு மாதமாக உள்ளே இருக்கிறார். சாக்கு யாருடையது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டால், எனக்கும் முழுசாகத் தெரியாது. அது வேறு விஷயம்.

இன்னொன்று. "கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்" என்ற வாக்கியத்தைக் கேட்காத தமிழன் உண்டா? சினிமாவிலிருந்து சந்துமுனை வரை அது ஓடுகிறது. வேறெந்தச் சட்டத்துக்கும் இந்தப் பெருமை இல்லை. எனக்கு வரியைவிட இந்த வாக்கியம்தான் பெரிய காரணம்.

கடைசியாக, தமிழ்நாடு நினைத்தாலும் நாளைக்குக் கடை திறக்க முடியாது. இது மத்தியச் சட்டம். மாநிலம் லைசென்ஸ் கொடுக்க இடம் இருக்கிறது, ஆனால் மருத்துவம், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்குத்தான். உத்தராகண்ட் 2018-இல் நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் கஞ்சாச் செடி வகையை அனுமதித்தது இந்த வழியில்தான். அதில் போதை தரும் பொருள் 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் பேரன் கல்லூரிப் பையன்கள் அதை இழுத்தால் தலைவலிதான் வரும்.

#5 ஊமைக்கோட்டான்

சென்னையில் 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று சொல்லி 2023-இல் இரண்டு பேர் விடுதலையானார்களே, வண்டு சார்? எலிக்கு எத்தனை வருஷம்?

#6 வழக்கு வண்டு, மதுரை

சாம்பிளுக்கு அனுப்பிய சிறு பொட்டலங்கள் தவிர மீதியைக் கோர்ட்டில் காட்ட முடியவில்லை. பொருள் இல்லாவிட்டால் வழக்கு இல்லை. எலிக்கு 37-ஆம் பிரிவு பொருந்தாது.

#7 ராசன், ஸ்காபுரோ

அண்ணை கொலராடோவைச் சொல்கிறார். நான் இருக்கிறது கனடாவில், இங்கே நாடு முழுக்கச் சட்டமாகி கனகாலம். 2018 ஒக்டோபர் 17. பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பிளாசாவில் ஒரு சாறிக்கடை, ஒரு கொத்துரொட்டிக் கடை, இரண்டுக்கும் நடுவில் கஞ்சாக்கடை. உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று கண்ணாடி முழுக்கப் படம் ஒட்டி மறைத்திருப்பார்கள். புதுசாக வந்த சனம் ஏதோ கிளினிக் என்று நினைத்துக்கொண்டு போகும். வாசலில் ஐடி கேட்பான், நரைத்த தலைக்கும் கேட்பான். ஒன்ராறியோவில் 19 வயது. கியூபெக்கில் 18-இல் தொடங்கி 2020-இல் 21 ஆக்கினார்கள். ஒரு சின்னப் பூவுக்குச் சிறுபிள்ளை திறக்க ஏலாத பிளாஸ்ரிக் டப்பா, அதன் மேலே எச்சரிக்கை, அதற்கு மேலே வரி ஸ்ராம்ப். மாகாணத்துக்கு ஒரு நிறம்.

இனி வரிக் கதை. கிராமுக்கு ஒரு டொலர், அல்லது உற்பத்தியாளர் விலையில் பத்து வீதம், இதில் எது கூடவோ அது. சட்டம் எழுதும்போது கிராம் பத்து டொலர் போகும் என்று நினைத்து எழுதினது. பத்துக்கு ஒன்று, நியாயமாகத்தான் தெரிந்தது. பிறகு எல்லாரும் கண்ணாடி வீடு கட்டி வளர்க்கத் தொடங்க விலை படுத்துவிட்டது. இப்போது 28 கிராம் பையை நூறு டொலருக்குக் கீழேயே கடையில் எடுக்கலாம். அந்தப் பையில் 28 டொலர் இந்த வரி மட்டும். விற்பனை வரி வேறு. கடைக்காரன் லாபம், மாகாண மொத்தக் கடையின் பங்கு எல்லாம் கழித்தால் வளர்த்தவனுக்கு என்ன மிச்சம்? வரி கட்டாமல் கடனில் விழுந்து கோர்ட்டுக்குப் போன கம்பனிகள் கனக்க.

ஸ்மித்ஸ் ஃபோல்ஸ் என்று ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஹேர்ஷி சொக்கலேற் பக்டரி மூடிப் போன இடத்தில்தான் கனொப்பி குரோத் என்ற பெரிய கஞ்சாக் கம்பனி வந்து உட்கார்ந்தது. ஊர் பிழைத்தது என்று பேப்பரெல்லாம் எழுதியது. 2023-இல் கம்பனி கட்டடத்தை விற்றது. வாங்கினது ஆர் தெரியுமோ? அதே ஹேர்ஷி.

ஆனால் ஒன்று. சட்டம் வந்ததை நான் பிழை என்று சொல்ல மாட்டேன். முந்தி எங்கள் பொடியன் ஒருத்தன் பொக்கற்றில் சொட்டு வைத்துப் பிடிபட்டால் பெயர் ரெக்கோட்டில் ஏறும், அமெரிக்கா போடரில் திருப்பி அனுப்புவான், வேலைக்கு விண்ணப்பம் போட்டால் அதுவும் வந்து நிற்கும். அந்தப் பயம் போய்விட்டது. கள்ளச் சந்தை? சாகவில்லை. ஆனால் கேட்டால் பத்தில் ஏழு பேர் கடையில்தான் வாங்குகிறோம் என்கிறார்கள்.

#8 கணக்குப்பிள்ளை, திருச்சி

> கிராமுக்கு ஒரு டொலர், அல்லது பத்து வீதம், எது கூடவோ அது.

ராசன் தம்பி, இதைப் படித்ததும் எனக்குப் பழைய ஆபீஸ் ஞாபகம். விலை ஏறும் என்று நினைத்து அளவின் மேல் வரி போடுவது, விலை இறங்கினால் வரி கழுத்தைப் பிடிப்பது. எங்கள் காலத்திலேயே இதில் கையைச் சுட்டுக்கொண்டோம். எடைக்கு வரி என்றால் சரக்கின் வீரியத்தைக் கூட்டி எடையைக் குறைப்பான். விலைக்கு வரி என்றால் பில்லில் விலையைக் குறைத்துப் போடுவான். வியாபாரியின் மூளைக்கு முன் ஆபீஸரின் மூளை எப்போதும் ஆறு மாதம் லேட்.

கலிபோர்னியாவும் இதில் தடுமாறியிருக்கிறது. 2018-இல் விவசாயிக்கு எடைக்கு ஒரு வரி, கடையில் 15 சதவீதம் இன்னொன்று. கள்ளச் சந்தைக்காரன் சிரித்தான். 2022-இல் எடை வரியை ஒழித்தார்கள். 2025 ஜூலையில் 15-ஐ 19 ஆக்கினார்கள். கடைக்காரர்கள் கூச்சல் போட, அக்டோபரில் மறுபடி 15.

#9 இரவுப்பணி, சேலம்

மனநல வார்டில் டாக்டர் வேலை. கட்சி எடுக்கப் போவதில்லை, பார்ப்பதைச் சொல்கிறேன்.

கஞ்சாவால் யாரும் சாவதில்லை என்று வருகிறவர்கள் சொல்வார்கள். மூச்சு நின்று சாவதில்லை, சரி. ஆனால் பதினாறு வயதில் தினமும் தொடங்கிய பையன் பத்தொன்பதில் காதில் குரல் கேட்கிறது என்று வருகிறான். எல்லோருக்கும் வராது. குடும்பத்தில் ஏற்கெனவே மனச்சிதைவு இருந்தால், சின்ன வயதில் ஆரம்பித்தால், வீரியம் அதிகமானதை தினமும் எடுத்தால் வாய்ப்பு கூடும். எந்தப் பையனுக்கு என்று முன்கூட்டிச் சொல்ல எந்த டெஸ்ட்டும் இல்லை. கனடா கடையில் இருபது சதவீதத்துக்கு மேல் வீரியமுள்ள பூ சர்வ சாதாரணம். நம் தாத்தா காலத்துச் சரக்கு அதன் பக்கத்தில் வராது.

ராசன் சொல்லாமல் விட்ட ஒன்று: மிட்டாய், கேக். தின்றால் ஒரு மணி நேரம் வரை, சில சமயம் இன்னும் அதிக நேரம், ஒன்றும் தெரியாது. ஒன்றும் இல்லையே என்று இன்னொன்றைத் தின்பார்கள். ஒன்ராறியோவில் இப்படி மிட்டாய் என்று நினைத்துத் தின்று ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் எண்ணிக்கை ஏறியது. கியூபெக் அந்த மிட்டாய் வகைகளை விடவே இல்லை. அங்கே அந்த அளவு ஏறவில்லை. ஆக, சட்டமாக்குவதா வேண்டாமா என்பது ஒரே கேள்வி இல்லை. எதை, எந்த வடிவத்தில் என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது.

மறுபக்கமும் சொல்கிறேன். இப்போது என் வார்டில் அதிகம் பார்ப்பது கஞ்சா இல்லை. வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொண்டு வரும் பையன்கள். முழங்கை மடிப்பில் சீழ். ஏன்டா என்றால் "அது கிடைக்கலை சார், போலீஸ் கெடுபிடி, இதுக்கு வாசனையும் இல்லை" என்கிறான். வாசனை இல்லை என்பதுதான் அவனுக்கு முக்கியம். ஒன்றை இறுக்கினால் இன்னொன்றுக்குத் தாவுகிறார்கள்.

#10 மூலிகை நேசன்

சிவமூலி. சித்தர்கள் லேகியத்தில் சேர்த்தது. இயற்கையாக விளைவது எப்படி விஷமாகும்? எல்லாம் ஆங்கில மருந்துக் கம்பெனிகளின் சதி.

#11 இரவுப்பணி, சேலம்

ஊமத்தையும் இயற்கையாகத்தான் விளைகிறது. அரளி விதையும்.

லேகியத்தில் சேர்த்தார்கள், உண்மை. சுத்தி செய்து, அளவு பார்த்து, வயிற்றுப்போக்குக்கும் தூக்கத்துக்கும் கொடுத்தார்கள். டீக்கடை வாசலில் பேப்பரில் சுருட்டிக் கொடுக்கவில்லை.

#12 மல்லிகா, கோவை

எல்லோரும் படித்தவர்களாகத் தெரிகிறீர்கள். நான் ஒரு அம்மா.

என் மகனுக்கு இருபது. செகண்ட் இயர். ஆறு மாதமாக ரூம் கதவைச் சாத்திக்கொள்கிறான். தலையணை உறையில் விதை விதையாக ஒட்டியிருந்தது, சீரகம் என்று நினைத்தேன். அவன் அப்பா போலீஸில் சொல்லிப் பயமுறுத்தலாம் என்கிறார். சொன்னால் கேஸ் ஆகுமா? கேஸ் ஆனால் காலேஜ் போய்விடுமா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அவர்கள் போலீஸுக்குச் சொல்வார்களா? கடை திறந்தால் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் யாராவது பதில் சொல்லுங்கள்.

#13 வழக்கு வண்டு, மதுரை

அம்மா, மகனின் அப்பாவிடம் சொல்லுங்கள்: போலீஸ் வேண்டவே வேண்டாம். பயமுறுத்தக் கூப்பிட்டால் பயமுறுத்துவதோடு நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு ஆளானவர் சிறு அளவு வைத்திருந்ததாகவோ உபயோகித்ததாகவோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். இது பல ஸ்டேஷன்களில் ஞாபகம் இல்லாத பிரிவு, வக்கீல்கள் சிலருக்கும்தான்.

#14 இரவுப்பணி, சேலம்

சிகிச்சைக்கு வருகிறவரை நாங்கள் போலீஸில் பிடித்துக் கொடுப்பதில்லை அம்மா. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு வெளிநோயாளி சீட்டு போட்டு வாருங்கள். முதல் நாள் அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வந்து பேசலாம். கதவைச் சாத்துகிறான் என்பதைவிட, தனியாகப் பேசுகிறானா, யாரோ கவனிக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறானா, தூக்கம் எப்படி என்பதைக் கவனியுங்கள். அவற்றில் ஏதாவது இருந்தால் இந்த வாரமே வாருங்கள். தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

#15 கம்பத்துக்காரன்

எனக்கு எழுபத்தொன்று. கம்பம் என்றாலே ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள் கண்ணடிப்பார்கள். திராட்சைக்காக இல்லை.

மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு நடுவில் போட்டிருப்பார்கள். போட்டவன் ஒருத்தன், பணம் கொடுத்தவன் கீழே பெரிய வீட்டுக்காரன். ரெய்டு வந்தால் செடியை வெட்டி எரிப்பார்கள், கூலிக்குக் காவல் இருந்தவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பெரிய வீட்டுக்காரர் அடுத்த நாள் கோயில் கமிட்டியில் உட்கார்ந்திருப்பார். இப்போது இங்கே விளைச்சல் இல்லை. ஆந்திரா, ஒடிசா எல்லை மலையிலிருந்து வருவது இந்த வழியாகக் கேரளா போகிறது. ஆந்திர போலீஸ் 2021-இல் ஏழாயிரம் ஏக்கருக்கு மேல் வெட்டி எரித்ததாக அறிவித்தது. ஏழாயிரம் ஏக்கர் அழித்தும் தம்பிக்குப் பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வருகிறதே?

கடை திறந்தால் அந்த மலைக்காரனுக்கு லைசென்ஸ் கிடைக்குமா, பெரிய வீட்டுக்காரருக்குக் கிடைக்குமா? அதை யாராவது சொல்லுங்கள்.

#16 பழைய காகிதம், சென்னை

கம்பத்து ஐயாவின் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முந்தைய பதில் ஒன்று இருக்கிறது.

கணக்குப்பிள்ளை புதுசாகக் கண்டுபிடித்ததாக நினைப்பதை வெள்ளைக்காரன் இங்கேயே செய்திருக்கிறான். வங்காளத்தில் நவகாவ் என்ற இடம், இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கிய விவசாயி குறிப்பிட்ட வட்டத்துக்குள் மட்டும் பயிர் செய்யலாம். விளைந்தது அரசுக் கிடங்குக்குப் போகும். வெளியே வரும்போது சேருக்கு (அந்தக் காலத்து எடை) இவ்வளவு என்று வரி. கடை லைசென்ஸ் ஏலத்தில். இடைத்தரகன் கொழுக்க, 1917-இல் விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கத்துப் பணத்தில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடந்தன. கொலராடோவுக்கு முன்னோடி! வங்கதேசம் 1987-இல் பயிரையே நிறுத்தியது.

இன்னொன்று, டாக்டருக்காக. 1893-இல் லண்டன் பாராளுமன்றத்தில் இந்தியாவில் கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறது என்று கேள்வி வர, ஒரு கமிஷன் போட்டார்கள். 1,193 பேரிடம் சாட்சியம் வாங்கி 1894-இல் ஏழு தொகுதியாக அறிக்கை கொடுத்தது. கமிஷன்காரர்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைத் தோண்டினார்கள். காரணம் என்ற கட்டத்தில் கஞ்சா என்று எழுதியிருந்த பல பெயர்களுக்கு ஆதாரமே இல்லை. கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் என்ன சொன்னாரோ அதை எழுதியிருந்தார்கள். மிதமாக உபயோகிப்பதால் பெரிய கேடில்லை, தடை வேண்டாம், வரி போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்று முடித்தார்கள். வரி வாங்கும் அரசு போட்ட கமிஷன் வரி வேண்டும் என்று சொன்னதில் ஆச்சரியமில்லை என்றும் வாதிடலாம். ஆனால் பதிவேட்டைத் தோண்டியது உண்மை.

#17 இரவுப்பணி, சேலம்

அந்தக் கட்டம் இன்றும் இருக்கிறது. இன்றும் கூட்டி வந்தவர் சொல்வதைத்தான் முதலில் எழுதுகிறோம். நல்ல குத்து. ஆனால் 1894-இன் சரக்கும் இன்றைய சரக்கும் ஒன்றில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#18 தீவுப்பறவை, யாழ்ப்பாணம்

இங்கே பேப்பரைத் திறந்தால் வாரத்துக்கு ஒன்று: கடற்கரையில் பொதி பொதியாய் "கேரள கஞ்சா" மீட்பு. கேரளா என்பது வெறும் பட்டம். ராமேஸ்வரம், வேதாரண்யம் பக்கமிருந்து படகில் வருகிறது. ஒரு பொதிக்குக் கூலி வாங்கிப் போய்ப் பிடிபடுவது இரண்டு கரையிலும் மீன்பிடிக்கிற பெடியள். இந்தியாவில் கடை திறந்தாலும் எங்களுக்குப் படகு நிற்காது, சரக்குத்தான் மலிவாகும்.

#19 சிராங்கூன், சிங்கப்பூர்

இங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரல் 26 அன்று 46 வயதுத் தமிழர் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிலோ சொச்சம். அவர் கையில் சரக்கு இருக்கவில்லை. கடத்தலுக்கு உடந்தை என்று தீர்ப்பு. ரெண்டு மணி நேர விமான தூரத்தில் தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, தெருவுக்குத் தெரு கடை திறந்து வைத்திருந்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று திருப்பி இறுக்கியது. அவசரத்தில் முதலில் கடையைத் திறந்துவிட்டு விதியைப் பிறகு எழுதினார்கள். எங்கள் ஊரில் விதி மட்டும்தான். அந்தத் தூக்கு நாளில் கோயிலில் பேசிக்கொண்டவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

#20 கணக்குப்பிள்ளை, திருச்சி

ராத்திரி தூக்கம் வராமல் காலண்டர் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். தலைப்பை வைத்தவன் நான்தான், அதனால் நானே போட வேண்டும்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019-இல் வெளியான கணக்கெடுப்பு: நாடு முழுக்க கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்) உபயோகிக்கிறவர்கள் சுமார் 1.3 கோடி. பாங்கு தனி, அது 2.2 கோடி. மது 16 கோடி. இந்த 1.3 கோடிப் பேரும் கள்ளச் சந்தையை மறந்து கடைக்கே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம் (வர மாட்டார்கள்). ஆளுக்கு வருஷம் ஆயிரம் ரூபாய் வரி. மொத்தம் 1,300 கோடி. மொத்த இந்தியாவுக்கும்.

டாஸ்மாக் மட்டும் 2023-24-இல் அரசுக்குக் கொடுத்தது 45,800 கோடிக்கு மேல். ஒரு மாநிலம். அந்தத் தொகையைக் கஞ்சாவில் எடுக்க வேண்டுமானால் நாட்டிலுள்ள ஒவ்வொரு கஞ்சாக்காரனிடமும் வருஷம் 35 ஆயிரம் வரி வாங்க வேண்டும். 35 ஆயிரம் வரி போட்டால் அவன் மறுபடி ஸ்கூட்டர்காரனிடம் போவான்.

கொலராடோவையும் திரும்பப் பார்த்தேன். 2021-இல் 42 கோடி டாலர் என்று பெருமையாக எழுதினேனே; 2023-இல் 27 கோடி. நியூ மெக்சிகோ போன்ற பக்கத்து மாநிலங்களும் கடை திறந்துவிட்டன, எல்லை தாண்டி வந்து வாங்கியவர்கள் நின்றுபோனார்கள். முதல் கடைக்காரனுக்குக் கிடைத்த கூட்டம் அது. நான் வரியாகப் படித்துவிட்டேன்.

ஆக, வரி குறைவாக இருந்தால் கள்ளச் சந்தை சாகும், கஜானா நிரம்பாது. வரி அதிகம் என்றால் இரண்டும் நடக்காது. கள்ளக்குறிச்சியை நினைத்துப் பாருங்கள். தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருக்கும் மாநிலத்தில், 2024 ஜூனில் அறுபது பேருக்கு மேல் பாக்கெட் சாராயம் குடித்துச் செத்தார்கள். குவார்ட்டர் வாங்கக் காசில்லாத கூலிக்காரர்கள். வரி ஏற்றிய சரக்குக்குப் பக்கத்திலேயே வரியில்லாத சரக்கு எப்போதும் நிற்கும், அது மெத்தனாலாகவும் இருக்கும்.

முப்பத்திரண்டு வருஷம் வரி வாங்கியவன் சொல்கிறேன், வரிக்காக இதைச் செய்யச் சொல்லாதீர்கள். வண்டு சாரின் டிரைவருக்காகச் செய்யலாமா என்பது வேறு கேள்வி. அதற்குக் கடையே வேண்டாம். சிறு அளவைக் குற்றத்திலிருந்து எடுத்தால் போதாதா?

#21 வழக்கு வண்டு, மதுரை

> சிறு அளவைக் குற்றத்திலிருந்து எடுத்தால் போதாதா?

பொட்டலத்தோடு பிடிபடும் காலேஜ் பையனுக்குப் போதும். என் டிரைவருக்குப் போதாது. அவருக்குத் தேவை நுனியைத் தனியாக நிறுத்தும் தராசு.

எம்.பி.க்கள் பேசாமலும் இல்லை. ஒடிசா எம்.பி. ததாகத சத்பதி 2015-இலேயே பேசினார். பாட்டியாலா எம்.பி. தரம்வீர காந்தி 2016-இல் தனிநபர் மசோதாவே தயாரித்தார். தனிநபர் மசோதாவுக்கு என்ன கதி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிக ஆபத்தான பட்டியலிலிருந்து எடுக்க ஓட்டெடுப்பு நடத்தியது. 27-க்கு 25. அந்த 27-இல் இந்தியாவும் ஒன்று. வெளியூரில் தாராளம், உள்ளூரில் தராசு.

#22 ராசன், ஸ்காபுரோ

அண்ணை கணக்கு சரி. இங்கேயும் வரிக்காகத்தான் என்று ஆரும் பெரிதாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் கையிலிருந்து எடுக்க, கள்ளர் கையிலிருந்து காசை எடுக்க என்றுதான் சொன்னார்கள். இரண்டாவது ஓரளவு நடந்தது. முதலாவது பற்றி டொக்ரர் சொன்னதை நான் மறுக்க மாட்டேன். என் தங்கச்சி வீட்டில் மிட்டாய் டப்பாவை மேல் தட்டில் பூட்டித்தான் வைத்திருக்கிறது.

#23 பனங்காட்டு நரி, தூத்துக்குடி

மேல் தட்டு, கீழ் தட்டு எல்லாம் இருக்கட்டும். கள்ளுக்குத் தனி இழை எப்போது?

#24 நடுவர்

ஏற்கெனவே நாலு இழை இருக்கிறது, நாலும் நீங்கள் திறந்தது.

#25 மல்லிகா, கோவை

புதன்கிழமை நான் மட்டும் போய்ப் பேசிவிட்டு வந்தேன். சனிக்கிழமை அவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் அப்பாவும் கூட வருகிறார். டாக்டர் சார், வண்டு சார், நன்றி.

#26 கணக்குப்பிள்ளை, திருச்சி

வண்டு சார், அந்த வெங்காய லோடு கேஸ் இந்த வாரம் என்று சொன்னீர்களே?

#27 வழக்கு வண்டு, மதுரை

வாய்தா. வேதியியல் அறிக்கை வந்திருக்கிறது, அரைப் பக்கம். "அனுப்பப்பட்ட மாதிரி கஞ்சா" என்று ஒரே வரி. எவ்வளவு பூ, எவ்வளவு தண்டு என்று இல்லை. மறுபடி நிறுத்த மனுப் போட்டிருக்கிறேன். சாக்கு இல்லாமல்.